பிள்ளை யார் பொறுப்பில்? – மதீனா முதல் இன்றைய நீதிமன்றம் வரை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் ஆரம்பம் செய்கிறேன்.

 

நம் திருநாவலூர் ஒரு பிள்ளையின் வளர்ப்பினால் பெயர் பெற்ற ஊர். இவ்வூரில் பிறந்தவராகச் சைவப் பெருமக்கள் போற்றும் சுந்தரர், சிறு பிராயத்தில் தெருவில் தேர் உருட்டி விளையாடிக் கொண்டிருந்தபோது, இப்பகுதியை ஆண்ட நரசிங்க முனையரையர் கண்டு, பெற்றோரிடம் கேட்டுப் பெற்றுத் தம் மாளிகையில் வளர்த்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. பெற்றவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள்; வளர்த்தவர் அன்புடன் வளர்த்தார். அங்கே வழக்கும் இல்லை, வருத்தமும் இல்லை. ஆனால் கணவனும் மனைவியும் பிரியும்போது பிள்ளையை யார் வளர்ப்பது என்னும் கேள்வி அவ்வளவு எளிதில் தீர்வதில்லை. நம் ஜமாஅத் தஃப்தரில் நிகாஹ் பதிவாகிறது, தலாக் பதிவாகிறது, வஃபாத்தும் பதிவாகிறது. பிரிந்தவர்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதைப் பதிவதற்கு மட்டும் அதில் இடமில்லை. அந்தப் பிள்ளைகளைப் பற்றியே இக்கட்டுரை.

முதலில் என் குறை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல்லாண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் நான் இமாமாக இருந்தபோது ஒரு தம்பதியரின் விவகாரம் ஜமாஅத்திற்கு வந்தது. சமாதானம் கைகூடவில்லை. நகையும் சீர்ப் பொருள்களும் திரும்பின. இத்தாக் காலச் செலவும் பேசி முடிக்கப்பட்டது. மூன்று வயது ஆண் பிள்ளை தாயிடம் இருப்பதென்றும், செலவுத் தொகை எதுவும் கேட்பதில்லை என்றும், அதற்கு ஈடாகத் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் இனி யாதொரு சம்பந்தமும் இல்லை என்றும் முச்சலிக்கா எழுதப்பட்டது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதியவன் நான். இரு தரப்பாரும் ஒப்பமிட்டார்கள். விவகாரம் சுமுகமாக முடிந்தது என்று அனைவரும் மகிழ்ந்தோம்.

ஏழெட்டு ஆண்டுகள் கழிந்து அதே பிள்ளை மக்தபு மதரஸாவின் தேர்வுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "அத்தா பேரு எழுதலாமா ஹஜ்ரத்? சம்பந்தமில்லைன்னு எழுதியிருக்காமே" என்று கேட்டான். ஒரு மனிதனின் தகப்பனை எழுத்தால் இல்லாமல் ஆக்க முடியுமா? அல்லாஹ் ஆக்கிய உறவை நான்கு பேர் கூடி ஒரு பத்திரத்தில் முறிக்க முடியுமா? அன்று எனக்கு எழுந்த இந்தக் கேள்வியே நூல்களை மீண்டும் புரட்ட வைத்தது.

மதீனாவில் வந்த வழக்குகள்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருச்சமூகத்திற்கு ஒரு பெண்மணி வந்தார். தம் வயிறு சுமந்த, தம் மார்பு பாலூட்டிய, தம் மடி தாங்கிய மகனைத் தம்மை விவாகரத்துச் செய்த கணவர் பறித்துக்கொள்ள விரும்புவதாக முறையிட்டார். அவர் மறுமணம் செய்யாத வரை அப்பிள்ளைக்கு அவரே அதிக உரிமையுடையவர் என்று நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) வழியாக அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது.

மற்றொரு வழக்கை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். அந்தப் பிள்ளை சற்று வளர்ந்தவன். தாய்க்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து உதவும் பருவத்தினன். தாயும் தகப்பனும் விட்டுக்கொடுக்கவில்லை. நபியவர்கள் அச்சிறுவனை நோக்கி, இவர் உன் தந்தை, இவர் உன் தாய், விரும்பியவரின் கையைப் பிடித்துக்கொள் என்னும் கருத்தில் கூறினார்கள். அவன் தாயின் கையைப் பிடித்தான். தாய் அவனை அழைத்துச் சென்றார்.

மூன்றாவது வழக்கு பெற்றோர் இருவருக்கு இடையில் எழுந்ததன்று. ஹிஜ்ரி 7இல் உம்ராவை நிறைவேற்றி நபியவர்கள் மக்காவிலிருந்து புறப்பட்டபோது, உஹதுப் போரில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் சிறு மகள் பின்னால் ஓடி வந்தார். அவரை வளர்க்க மூவர் போட்டியிட்டனர். தம் சிறிய தந்தையின் மகள் என்றார்கள் அலீ (ரலி). தமக்கும் அவ்வாறே என்பதுடன் அச்சிறுமியின் தாயின் சகோதரி தம் மனைவியாக இருக்கிறார் என்றார்கள் ஜஅஃபர் (ரலி). ஹம்ஸாவுடன் சகோதரராக இணைக்கப்பட்டவன் என்ற முறையில் தம் சகோதரரின் மகள் என்றார்கள் ஸைத் (ரலி). தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவர் என்ற அடிப்படையில் சிறுமி ஜஅஃபர் (ரலி) அவர்களின் இல்லத்திற்கு அனுப்பப்பட்டார். அத்துடன் முடியவில்லை, மூவருக்கும் தனித்தனியே மனம் குளிரும் வார்த்தைகளை நபியவர்கள் கூறினார்கள். தீர்ப்பு ஒருவருக்கே கிடைத்தது. ஆயினும் எவரும் மனம் நொந்து திரும்பவில்லை.

நபியவர்களுக்குப் பின் முதல் கலீஃபாவின் காலத்தில், உமர் (ரலி) அவர்களே ஒரு வழக்கில் தரப்பினரானார்கள். விவாகரத்தான அன்ஸாரிப் பெண்மணியின் வழியாக அவர்களுக்கு ஆஸிம் என்ற மகன் இருந்தார். குபாப் பள்ளியின் முற்றத்தில் அச்சிறுவன் விளையாடுவதைக் கண்ட உமர் (ரலி) அவர்கள் தூக்கித் தம் வாகனத்தில் வைத்துக்கொண்டார்கள். தாய்வழிப் பாட்டி பின்தொடர்ந்து வந்து வாதாடினார். அபூபக்ர் (ரலி) அவர்கள் பிள்ளையைப் பாட்டியிடமே விட்டுவிடும்படி கூற, உமர் (ரலி) அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இந்நிகழ்ச்சி உள்ளது. அந்த ஆஸிமின் மகளே பிற்காலத்தில் நீதிமிகு கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களைப் பெற்றெடுத்தார்.

ஃபிக்ஹு நூல்கள் வகுத்த முறை

இந்த நிகழ்ச்சிகளிலிருந்து நம் இமாம்கள் இரண்டு பொறுப்புகளைப் பிரித்துக் காட்டினார்கள். பிள்ளையை மடியில் வைத்து வளர்ப்பது 'ஹளானா'. பிள்ளையின் சொத்து, திருமணம் போன்றவற்றுக்குப் பொறுப்பேற்பது 'விலாயத்'. ஹளானாவில் தாய்க்கு முதலிடம். விலாயத்தில் தந்தைக்கு முதலிடம். பிள்ளை தாயிடம் இருப்பதால் தந்தையின் பொறுப்பு நீங்குவதில்லை. செலவு முழுவதும் தந்தையைச் சார்ந்ததே. அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் அளிக்கும் கடமையைத் தந்தைக்கு விதிப்பதோடு, பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாயும் துன்புறுத்தப்படலாகாது, தந்தையும் துன்புறுத்தப்படலாகாது என்று தடுக்கிறது.

ஹனஃபி மத்ஹபில் ஆண் பிள்ளை ஏறத்தாழ 7 வயது வரையிலும், பெண் பிள்ளை பருவமடையும் வரையிலும் தாயிடம் இருப்பர். ஷாஃபிஈ மத்ஹபில் விவரம் அறியும் வயது, அதாவது ஏறத்தாழ 7 வயது வரை தாயிடம். அதன்பின் பிள்ளையே தேர்ந்துகொள்ளலாம். பின்னர் மனம் மாறினால் மாற்றியும் கொள்ளலாம். தாய் அந்நியர் ஒருவரை மணந்தால் தாயின் தாய்க்கு அவ்வுரிமை செல்லும்.

பிரிந்திருக்கும் பெற்றோர் பிள்ளையைப் பார்ப்பது பற்றி ஏதும் கூறப்படவில்லை என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். மதரஸாக்களில் நாம் ஓதும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் அது விளக்கமாகவே இருக்கிறது. மகன் தந்தையைத் தேர்ந்தால், அவன் தாயைச் சென்று காண்பதைத் தந்தை தடுக்கலாகாது. தாயைத் தேர்ந்தால், இரவில் தாயிடமும், கல்விக்காகவும் ஒழுக்கப் பயிற்சிக்காகவும் பகலில் தந்தையிடமும் இருப்பான். பிள்ளை நோயுற்றால் பணிவிடை செய்யத் தாயே மிகத் தகுதியுடையவர். தந்தை இசைந்தால் அவர் வீட்டிலேயே, இல்லையேல் தாயின் வீட்டில். ஹிஜ்ரி 676இல் மறைந்த ஓர் இமாம் இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்க, யாதொரு சம்பந்தமும் இல்லை என்று நான் எழுதிய ஒற்றை வரிக்கு எந்த மத்ஹபில் ஆதாரம் தேடுவேன்?

காழியிடமிருந்து நீதிமன்றத்திற்கு

முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் இத்தகைய விவகாரங்களைக் காழிகள் தீர்த்துவந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனி நீதி நிர்வாகத்தை ஏற்றபின், ஆங்கில நீதிபதிகளுக்கு மார்க்கச் சட்டம் கூறும் அதிகாரிகளாகக் காழிகளும் முஃப்திகளும் அமர்ந்தனர். ஹிதாயா நூல் சார்லஸ் ஹாமில்டன் என்பவரால் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1791இல் வெளிவந்தது. 1864இல் நீதிமன்றங்களில் காழிகளின் பதவி நீக்கப்பட்டது. 1880ஆம் ஆண்டுக் காழிகள் சட்டம் காழிகளை நியமிக்க வழிசெய்தது. ஆயினும் தீர்ப்பளிக்கும் அதிகாரம் எதையும் அவர்களுக்கு அது தரவில்லை.

1890இல் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம் வந்தது. எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான இச்சட்டமே இன்றளவும் நடைமுறையில் உள்ளது. பிள்ளை எந்தத் தனிச் சட்டத்திற்கு உட்பட்டதோ அதற்கு இயைந்த வகையில், பிள்ளையின் நலனை நாடி முடிவெடுக்க வேண்டும் என்பது இதன் 17ஆம் பிரிவு. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம், காப்பாளர் உரிமை தொடர்பானவற்றில் முஸ்லிம்களுக்கு ஷரீஅத்தே பொருந்தும் என்று உறுதி செய்தது.

இடையில் 1918இல் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு இமாம்பந்தி வழக்கு என்று அறியப்படும் மேல்முறையீடு சென்றது. தீர்ப்பெழுதியவர் அக்குழுவில் அமர்ந்த முதல் இந்தியரான சையத் அமீர் அலீ. பிள்ளையைக் குறிப்பிட்ட வயது வரை தன்னிடம் வைத்து வளர்க்கும் உரிமை தாய்க்கு உண்டு; ஆனால் அதனால் பிள்ளையின் சொத்தை விற்கும் அதிகாரம் அவருக்கு வந்துவிடாது என்பது அதன் சாரம். ஹளானா வேறு, விலாயத் வேறு என்ற நம் நூல்களின் பாகுபாடு இவ்வாறு நீதிமன்றத் தீர்ப்பிலும் இடம்பெற்றது.

சென்னையில் நடந்த வழக்கு

பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் தகப்பனின் உரிமை தீர்ந்துவிடுமா? இதற்கு விடை கூறும் வழக்கு நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. அடையாறு பிரம்ம ஞான சபையில் வாழ்ந்த நாராயணய்யா என்பவர், தம் இரு மகன்களின் பொறுப்பை 1910இல் அன்னி பெசன்ட் அம்மையாரிடம் எழுத்து மூலம் ஒப்படைத்தார். மகன்களில் ஒருவரே பிற்காலத்தில் உலகறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. அம்மையார் சிறுவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்ற பின், தந்தை மனம் மாறி 1912இல் வழக்குத் தொடுத்தார். 1913இல் சென்னை உயர்நீதிமன்றம் பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்கத் தீர்ப்பளித்தது. 1914இல் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றியது. பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்க, செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு செல்லாது என்பது ஒரு காரணம்.

ஆயினும் அத்தீர்ப்பில் ஒரு கோட்பாடு நிலைபெற்றது. தந்தையின் காப்பாளர் பொறுப்பு ஓர் அமானிதம் போன்றது. பிறரை வளர்க்கச் சொல்லி ஒப்படைக்கலாம். திரும்பப் பெற முடியாதபடி எழுதிக் கொடுத்துவிட முடியாது. பிள்ளைகளின் நலனையும் விருப்பத்தையும் பாராமல் பெரியவர்கள் தமக்குள் வழக்காடியதையும் பிரிவி கவுன்சில் குறையாகக் கண்டது. அமானிதம் என்ற சொல் நமக்குப் புதிதன்று. அமானிதத்தை விற்க உரிமையாளரும் அல்லாத நமக்கு ஏது அதிகாரம்?

சுதந்திர இந்தியாவில்

1973இல் உச்சநீதிமன்றம் தீர்த்த ரோஸி ஜேக்கப் வழக்கும் சென்னையிலிருந்து சென்றதே. அது ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் வழக்கு. பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருள்களும் அல்லர், விளையாட்டுப் பொருள்களும் அல்லர் என்ற கருத்தை அத்தீர்ப்பு அழுத்தமாகக் கூறியது. பிள்ளையின் பொறுப்பைப் பற்றிய உத்தரவு என்றைக்கும் மாறாததன்று. சூழ்நிலை மாறினால் திருத்தப்படலாம் என்றும் தெளிவாக்கியது. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தால், அத்தகைய நீதிமன்றம் உள்ள பகுதிகளில் இவ்வழக்குகள் அங்கே விசாரிக்கப்படுகின்றன. தீர்ப்புக்கு முன் சமாதானத்திற்கு முயல்வது அந்நீதிமன்றத்தின் கடமை.

1986ஆம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் சட்டத்தில் பிள்ளைக்கு இரண்டு வயது வரை மட்டுமே செலவு தரச் சொல்லியிருக்கிறது என்று சிலர் வாதிட்டனர். அவ்வாதத்தை 1997இல் நூர் ஸபா காத்தூன் வழக்கில் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. ஆண் பிள்ளை உரிய வயதை அடையும் வரையிலும், பெண் பிள்ளை மணம் முடியும் வரையிலும் தந்தையே பேண வேண்டும் என்றது. அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் இருந்த அந்த ஜீவனாம்ச வழி, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ளது.

2010இல் தீர்ந்த அத்தர் ஹுஸைன் வழக்கு நம் சமுதாயத்தைச் சேர்ந்தது. தாய் இறந்துவிட்டார், தந்தை மறுமணம் செய்துகொண்டார், பிள்ளைகள் தாய்வழிப் பாட்டனார், சின்னம்மாமார் அரவணைப்பில் இருந்தனர். தந்தைக்கே காப்பாளர் உரிமை என்ற வாதத்தை மறுக்காமலேயே, காப்பாளர் உரிமை வேறு, கைவசம் வைத்து வளர்ப்பது வேறு என்று விளக்கி, வழக்கு முடியும் வரை பிள்ளைகள் அங்கேயே இருக்கட்டும், தந்தை வந்து பார்க்கட்டும் என்று உச்சநீதிமன்றம் கூறியது. அதைப் படித்தபோது ஹம்ஸா (ரலி) அவர்களின் மகளே என் நினைவுக்கு வந்தார். அதே 2010இல் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவிலும் தந்தையுடன் தாயின் பெயர் சேர்க்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு முத்தலாக் தடைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, அவ்வாறு தலாக் கூறப்பட்ட பெண்ணுக்குச் சிறு பிள்ளைகளின் பொறுப்பைக் கோரும் உரிமையை அளித்து, முடிவை மாஜிஸ்திரேட்டிடம் விட்டிருக்கிறது.

இன்று நீதிமன்றம் எதைப் பார்க்கிறது?

பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்திற்குரிய நீதிமன்றத்திலேயே மனு செய்ய வேண்டும். பிள்ளையின் வயது, ஆணா பெண்ணா என்பது, மார்க்கம், கேட்பவரின் குணமும் தகுதியும், பிள்ளையுடன் அவருக்குள்ள நெருக்கம் ஆகியவை நோக்கப்படும். விவரமறிந்த பிள்ளையாயின் நீதிபதி தனியே அழைத்துப் பேசி அதன் விருப்பத்தைக் கேட்பதுண்டு. வசதி மிக்கவருக்கே பிள்ளை என்ற நியதி இல்லை. வழக்கு முடியும் வரை இடைக்கால உத்தரவும் உண்டு. பிள்ளை ஒருவரிடம் இருந்தால், மற்றவர் வாரத்தில் எந்நாள், எந்நேரம், எவ்விடத்தில் பார்ப்பது, பெருநாளிலும் பள்ளி விடுமுறையிலும் யாருடன் இருப்பது என்பனவும் உத்தரவில் எழுதப்படும்.

2020இல் யஷிதா சாஹு வழக்கில், பெற்றோர் இருவரின் அன்பையும் பெறுவது பிள்ளையின் உரிமை என்றும், தொலைவில் இருப்பவர் வீடியோ அழைப்பில் பேசவாவது வழி வேண்டும் என்றும் உச்சநீதிமன்றம் கூறியது. வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் தகப்பன்மார்களுக்கு இது ஆறுதலான செய்தி. 2022இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, பிள்ளையைப் பார்க்க வரும் தகப்பனை விருந்தினர் போல் உபசரிக்க வேண்டும் என்று ஒரு வழக்கில் அறிவுறுத்தினார். விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது ஈமானின் அடையாளம் என்று கற்ற நமக்கு இதை ஒரு நீதிபதி நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

நம் எல்லையை முதலில் அறிந்துகொள்வோம். மார்க்க அமைப்புகளின் ஃபத்வாவும் முடிவும் சட்டப்படி எவரையும் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்சநீதிமன்றமும், காழிகள் தரும் தலாக் சான்று ஓர் அபிப்பிராயமே என்று 2017இல் சென்னை உயர்நீதிமன்றமும் கூறியுள்ளன. எனவே பிள்ளை யாருக்கு என்று தீர்ப்பளிக்கும் இடம் ஜமாஅத் அன்று. சமாதானம் செய்து வைக்கும் இடமே நமது இடம்; அது சிறிய இடமும் அன்று.

ஆகவே என் தாழ்மையான வேண்டுகோள் இவை. நகைக் கணக்கிலும் சீர்க் கணக்கிலும் பிள்ளையை ஒரு வரியாகச் சேர்க்காதீர்கள். செலவுத் தொகையை விட்டுத் தருவதற்காகத் தகப்பனை விட்டுத் தரும்படி எந்தத் தாயையும், எந்தத் தகப்பனையும் நெருக்காதீர்கள். இரண்டும் பிள்ளையின் ஹக்கு. பணம் தரவில்லை என்று பார்க்க விடாமலிருப்பதும், பார்க்க விடவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் பிள்ளையைத்தான் தண்டிக்கின்றன. இரு தரப்பாரும் மனம் ஒப்பினால், பிள்ளை எங்கே இருக்கும், மற்றவர் எப்போது பார்ப்பார், மாதச் செலவு எவ்வளவு என்று தெளிவாக எழுதி, வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் பதிவு செய்து கொள்ளச் சொல்லுங்கள். ஒப்பாவிட்டால் தாமதமின்றி நீதிமன்றத்தின் வழியைக் காட்டுங்கள். பார்க்க வரும் தாய்க்கோ தகப்பனுக்கோ உட்கார ஓர் இடமும், ஒரு டம்ளர் தேநீரும் தர நம் மதரஸாவின் திண்ணை போதும்.

அந்தச் சிறுவனின் தாளில் அவன் தகப்பன் பெயரை நானே எழுதினேன். அவ்வார வெள்ளியன்று அவ்வூர் நிர்வாகிகளின் இசைவுடன் பழைய முச்சலிக்காவில் அந்த வரி அடிக்கப்பட்டது. தகப்பனுக்கு ஆள் அனுப்பினோம். சில மாதங்கள் கழித்து ஒரு பெருநாள் தொழுகைக்கு அவர் வந்து, மகனுடன் ஒரே ஸஃப்பில் நின்றார். பெற்றோர் இருவரும் மீண்டும் சேரவில்லை. சேர வேண்டும் என்று எவரும் வற்புறுத்தவும் இல்லை. பிள்ளைக்குத் தாயும் இருந்தார், தகப்பனும் இருந்தார்.

யா அல்லாஹ்! பிரிவைத் தவிர்க்க முடிந்த குடும்பங்களில் இணக்கத்தைத் தருவாயாக. பிரிந்தவர்களின் பிள்ளைகளை உன் பாதுகாப்பில் வைப்பாயாக. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும் ஜமாஅத்தாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன். வஸ்ஸலாம்.